கவசம் நாமளே செய்யலாமா, வாங்கிடலாமா? பில்லுல வராத கணக்கு

"நீயே செஞ்சா பாதி காசுல முடிஞ்சிடும்"னு என்கிட்ட சொன்ன ஆளை நான் இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன். அவர் சொன்னது பொய்யின்னும் சொல்ல முடியாது, ரெண்டாவது கவசத்துக்கு அது உண்மைதான், முதல் கவசத்துக்கு சத்தியமா இல்ல. காஸ்ப்ளேக்கோ (சினிமா, கேம்ல வர்ற பாத்திரம் மாதிரி வேஷம் கட்டுறது) நாடகத்துக்கோ போர்வீரன் வேஷம் போடணும், மார்புக்கவசம், தோள்கவசம், கைக்கு, காலுக்கு, தலைக்கு ஹெல்மெட் எல்லாம் வேணும்னு முடிவு பண்ணிட்டு, ரெடிமேடா வாங்குறதா இல்ல ஃபோம் வாங்கிட்டு வந்து உக்காந்து வெட்டுறதான்னு முழிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் ரெண்டையும் பண்ணிருக்கேன், ரெண்டுலயும் அடி வாங்கிருக்கேன்.

முதல்ல வாங்கின கதை. படத்துல பாக்க அவ்வளவு கம்பீரமா இருந்துச்சு. வந்தது மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டை சூடாக்கி அச்சு மேல உறிஞ்சி எடுத்த ரகம், வேக்யூம் ஃபார்மிங்னு சொல்வாங்களே அது. ஃப்ரீ சைஸ்னு போட்டிருந்துச்சு, அது எந்த உடம்போட சைஸ்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல விலாவுல நாலு விரல் இடைவெளி, உக்காந்தா கீழ் விளிம்பு தொடையில முட்டி மொத்த மார்புக்கவசமும் தாடை வரைக்கும் ஏறிக்கும், கையைத் தூக்கினா தோள்கவசம் காதுல இடிக்கும். உள்ள கருப்பு பனியன் போட்டு இடைவெளியை மறைச்சு, கூட வந்த ஸ்ட்ராப்பை எல்லாம் வெட்டிப் போட்டுட்டு வேற ஸ்ட்ராப் தைச்சு, கழுத்தை அறுத்த விளிம்புக்கு ஃபோம் பட்டை ஒட்டி, பொம்மை மாதிரி மின்னிக்கிட்டு இருந்த வெள்ளி கலருக்கு மேல கருப்பு பெயிண்ட் தண்ணியா அடிச்சு துடைச்சுன்னு ரெண்டு சனி ஞாயிறு முழுசா போச்சு. வாங்கினா வேலை இல்லைன்னு நினைச்சுதான் வாங்கினேன்.

வாங்குறதுன்னு பொதுவா சொல்றோமே தவிர அதுல குறைஞ்சது நாலு ரகம் இருக்கு. அடிமட்டத்துல, துணியில கவசம் மாதிரி பிரிண்ட் போட்டு உள்ள பஞ்சு வச்சு தைச்சது, பத்தடி தள்ளி நின்னாலே தெரிஞ்சிடும், ஆனா துவைச்சு போடலாம், சின்னப் பசங்களுக்கு அதுவே ஜாஸ்தி. அடுத்தது நான் மாட்டின பிளாஸ்டிக். அதுக்கு மேல அச்சுல ஊத்தி எடுத்த பியூ (பாலியூரித்தேன்) ஃபோம், மேல ரப்பர் மாதிரி லேட்டக்ஸ் பூசினது, லார்ப்னு வேஷம் போட்டு பாத்திரமாவே நடிச்சு விளையாடுறவங்க போடுவாங்க, அடி தாங்கும், உடம்போட வளையும். உச்சத்துல உங்க அளவை வாங்கி கையாலயே செஞ்சு கொடுக்குற கமிஷன் வேலை. நானே செஞ்சா மிச்சம்னு சொல்றவங்க எல்லாரும் பண்ற தில்லாலங்கடி என்னன்னா, தான் செய்யப்போற கவசத்தை இந்த நாலாவது ரகத்தோட விலைக்குப் பக்கத்துல வச்சு கணக்கு போடுவாங்க. ஆனா முதல் தடவை நம்ம கைக்கு வர்ற தரம் என்னவோ ரெண்டாவது ரகத்துக்கும் மூணாவது ரகத்துக்கும் நடுவுலதான் வந்து நிக்கும். என்னோடது அங்கதான் நின்னுச்சு.

விலையைப் பாத்து ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டெலிவரி சார்ஜைப் பாருங்க, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறீங்கன்னா கண்டிப்பா பாருங்க. கவசம் எடை கம்மி, அடைக்கிற இடம் ஜாஸ்தி. கூரியர்காரங்க எடை, பெட்டியோட கொள்ளளவு ரெண்டுல எது பெருசோ அதுக்குத்தான் காசு வாங்குவாங்க, நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்து அதை கிலோவா எடுத்துக்கிறது பல சர்வதேச கூரியர்ல நடக்குற கணக்கு. 60க்கு 50க்கு 40னு ஒரு பெட்டின்னா 24 கிலோ. உள்ள இருக்குற ஃபோம் கவசம் 4 கிலோ கூட தேறாது, பில்லு 24 கிலோவுக்கு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. கஸ்டம்ஸ் வரி அதுக்கு மேல தனி. பொருந்தலைன்னு திருப்பி அனுப்பணும்னாலும் பல சமயம் அதே 24 கிலோ நம்ம தலையிலதான் விடியும், அதனாலயே என்னோட அந்த செட்டு என்கிட்டயே தங்கிடுச்சு.

சரி, செய்யுற பக்கம் வருவோம். காசுல சொன்னா ஊருக்கு ஊர் மாறும், அதனால பங்குல சொல்றேன். அந்த பிளாஸ்டிக் செட்டுக்கு டெலிவரியோட சேத்து நான் கொடுத்ததை 10 பங்குன்னு வச்சுக்கோங்க. முதல் ஃபோம் கவசத்துக்கு ஃபோம், பசை, பிரைமர், பெயிண்ட், ஸ்ட்ராப், பக்கிள் எல்லாம் சேத்து 6 பங்கு ஆச்சு. இந்த 6ஐ மட்டும்தான் எல்லாரும் வெளிய சொல்லுவாங்க. சூடான காத்து ஊதுற ஹீட் கன், சுத்துற முனையால தேய்க்கிற சின்ன ரோட்டரி டூல், பெட்டி பெட்டியா பிளேடு, வெட்டும்போது கீழ போடுற மேட், மூச்சு மாஸ்க் இதெல்லாம் 5 பங்கு. தப்பா வெட்டினது, தீய்ச்சது, பசை டப்பாவை மூட மறந்து கட்டியாப் போனதுன்னு வீணாப்போனது 2 பங்கு. ஆக மொத்தம் 13. ரெண்டாவது கவசத்துக்கு டூல்ஸ் எல்லாம் கையில இருந்துச்சு, பழைய பெயிண்ட், ஸ்ட்ராப் எல்லாம் மிச்சம் இருந்துச்சு, அதனால வீணானதையும் சேத்தே 6ல முடிஞ்சுது. ரெண்டையும் கூட்டினா 19, அதே மாதிரி ரெண்டு செட் வாங்கியிருந்தா 20. அந்த ஒரே ஒரு பங்கு மிச்சம் பிடிக்க நான் உக்காந்தது முதல் கவசத்துக்கு 95 மணி நேரம், ரெண்டாவதுக்கு 55, நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். மணிக்கு கூலி போட்டுப் பாத்துடாதீங்க, அழுகை வரும்.

நேரத்தைக் கணக்குல சேக்கலாமா கூடாதான்னு ஒரு பெரிய சண்டையே ஓடும். வெட்டி ஒட்டுறதே உங்களுக்கு பொழுதுபோக்குன்னா அது செலவு இல்ல, வரவு. நிகழ்ச்சி அன்னைக்கு வேஷம் போட்டு நிக்கிறதுதான் முக்கியம், செய்யுறது ஒரு கொடுமைன்னு நினைக்கிறவங்களுக்கு அந்த 95 மணி நேரமும் செலவுதான். உண்மையா நீங்க எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும்.

தோள்கவசம் ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த மணி நேரமெல்லாம் எங்க போகுதுன்னு காட்டுறேன். முதல்ல தோள் மேல சமையலறை கிளிங் ஃபிலிம் சுத்தி, அது மேல டக்ட் டேப் ஒட்டி, மார்க்கர்ல கோடு போட்டு, வெட்டி எடுத்து பேப்பர்ல விரிச்சா அதுதான் பேட்டர்ன், உங்க உடம்பையே தோலுரிச்ச மாதிரி. அதை 10 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம் (தரையில போடுற ஃபோம் மேட் ரகம்) மேல வரைஞ்சு வெட்டணும். ஃபோம் பாக்க ரொம்ப சாதுவா இருக்கும், பிளேடோட முனையை அப்படி மழுக்கிடும், அஞ்சாறு வெட்டுலயே ஓரம் எலி கடிச்ச மாதிரி பிஞ்சு வர ஆரம்பிச்சா பிளேடை மாத்துங்கன்னு அர்த்தம். அப்புறம் ஹீட் கன், ஃபோமோட மேல் தோல் லேசா பளபளன்னு மாறுற வரைக்கும் சூடு காட்டி, முழங்கால் மேல வச்சு வளைச்சு ஆறுற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கணும், விட்டா நிமிந்துக்கும், ஒரு நொடி அதிகமா சூடு காட்டினா குமிழ் போட்டு கருகிடும். ரெண்டு ஓரத்துலயும் கான்டாக்ட் சிமென்ட்ங்கிற பசையை மெல்லிசா தடவி, விரல்ல ஒட்டாத அளவுக்கு காயவிட்டு, நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா சேத்து அமுக்கணும். இங்கதான் நான் மாட்டினேன், ஏன்னா இந்தப் பசை ஒருதடவை தொட்டா தொட்டதுதான், நகத்த முடியாது, ஆரம்பத்துல அரை சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினது கடைசியில போய் ஒன்றரை சென்டிமீட்டரா பிதுங்கி நின்னுச்சு, பிரிக்கப் போனா பசை விடல, ஃபோம் சதையோட பிஞ்சு வந்துச்சு. இடுக்கு அடைச்சு, தேய்ச்சு, பிரைமர் நாலு கோட்டு ஒண்ணு காஞ்சதுக்கப்புறம் ஒண்ணா அடிச்சு, வெள்ளி பெயிண்ட் அடிச்சு, பள்ளத்துல கருப்பு இறங்குற மாதிரி துடைச்சு எடுத்தா ஒரு ஜோடி முடிஞ்சுது. ஜோடிக்கு 11 மணி நேரம், காயுற நேரத்தை சேக்காம.

பேட்டர்ன் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், என்னோட அந்த 2 பங்கு வீணானதுல பாதி இதுனாலதான். உடம்பு மேல டேப் ஒட்டி எடுத்த அளவு உள்பக்க அளவு. 10 மில்லிமீட்டர் ஃபோமை குழல் மாதிரி சுருட்டினா உள்சுற்றளவுக்கும் வெளிச்சுற்றளவுக்கும் 6 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வரும், நடுவுல எடுத்தாலும் 3 சென்டிமீட்டர். அதை சேக்காம அப்படியே வெட்டினேன், முன்கை கவசம் ரெண்டும் கைக்குள்ள போகல. அதுக்கப்புறம் வேலைக்கு ஆகாத ஒரு அட்டையில முதல்ல வெட்டி மாட்டிப் பாக்காம ஃபோம்ல கத்தி வைக்கிறதே இல்ல.

டூல்ஸ்ல ரோட்டரி டூலை கடன் வாங்கலாம், இல்லைன்னா சேண்ட்பேப்பரே போதும், நேரம்தான் இழுக்கும். ஹீட் கன்னுக்கு பதிலா ஹேர் டிரையர் வச்சு ஓட்டிடலாம்னு பாக்காதீங்க, 10 மில்லிமீட்டர் ஃபோமுக்கு அந்த சூடு பத்தாது. கான்டாக்ட் சிமென்ட் விலை ஜாஸ்தின்னு குச்சியை உருக்கி ஒட்டுற ஹாட் க்ளூ போட்டீங்கன்னா வெயில்ல நின்னா அது இளகிடும், கூட்டத்துக்கு நடுவுல நடந்துக்கிட்டு இருக்கும்போது முட்டிக்கவசம் கழண்டு விழும். மாஸ்க்குல மட்டும் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீங்க, அந்தப் பசையோட ஆவி தலையைச் சுத்த வைக்கும், சாதாரண தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர்தான் வேணும், ஜன்னலும் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது. இதோட விலையை செஞ்சா மிச்சம்னு சொல்ற யாரும் கணக்குல சேத்து நான் பாத்ததே இல்ல.

ஃபோம் தவிர மத்த வழிகள் என்னன்னா, வொர்ப்லா மாதிரி தெர்மோபிளாஸ்டிக் (சூட்டுல இளகி ஆறினா இறுகுற பிளாஸ்டிக் ஷீட்) 90 டிகிரி செல்சியஸ் பக்கத்துல இளகும், கையால எப்படி வேணா இழுக்கலாம், துண்டு துணுக்கைக் கூட மறுபடி சூடாக்கி உருட்டி யூஸ் பண்ணலாம், வீணே ஆகாது. ஆனா ஃபோமை விட பல மடங்கு விலை, அதுலயும் நடுவுல ஃபோம் வச்சு ரெண்டு பக்கமும் மூடுற பழக்கத்துல ஒரு கவசத்துக்கு ரெண்டு கவசத்தோட ஷீட் போகும். முழு கவசத்துக்கு இதைப் போடுறது எனக்கு வீண் செலவாத்தான் படுது, கிரீடம், விளிம்பு அலங்காரம் இதுக்கு மட்டும் சரி. தோல்னா வெஜிடபிள் டேன், அதாவது மரப்பட்டை மாதிரி தாவரப் பொருள்ல பதப்படுத்தினதா பாத்து வாங்குங்க, அதுதான் தண்ணியில நனைச்சா வடிவம் பிடிக்கும், குரோமியம் உப்புல பதப்படுத்துற குரோம் டேன் பிடிக்காது, 3-4 மில்லிமீட்டர் தடிமன் வேணும், ஒரு தடவை தப்பா வெட்டினா மனசு பதறும்.

த்ரீடி பிரிண்டர் இருக்கே, பட்டனை அமுக்கினா ஹெல்மெட் வந்துடுமேன்னு கேக்குறாங்க. வரும். ஒரு முழு ஹெல்மெட்டுக்கு ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஃபிலமென்ட் (பிரிண்டர் உருக்கி ஊத்துற பிளாஸ்டிக் இழை) சர்வ சாதாரணமா போகும், மெஷின் ரெண்டு மூணு நாள் விடாம ஓடும். வீட்டுல வச்சிருக்குற நிறைய பிரிண்டர்ல படுக்கை, அதாவது பிரிண்ட் உக்கார்ற தட்டு, 220க்கு 220 மில்லிமீட்டர்தான், பெரியவங்க தலைக்கான ஹெல்மெட் அதுல சாதாரணமா அடங்காது, துண்டு துண்டா பிரிச்சு பிரிண்ட் பண்ணி ஒட்டணும். ராத்திரி 40ஆவது மணி நேரத்துல ஒரு துண்டு படுக்கையை விட்டு கிளம்பிடுச்சுன்னா காலையில எழுந்து பாத்தா நூடுல்ஸ் மாதிரி ஒரு குவியல் கிடக்கும். நல்லபடியா வந்தாலும் அடுக்கடுக்கா தெரியுற லேயர் கோடு மறைய 80ஆம் நம்பர்ல ஆரம்பிச்சு 400ஆம் நம்பர் வரைக்கும் சேண்ட்பேப்பர், நடுவுல ஃபில்லர் பிரைமர். இன்னொண்ணு, இந்த பிரிண்டர்ல அதிகமா ஓடுற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும், வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது ஹெல்மெட் வேற யாரோ மூஞ்சிக்கு செஞ்ச மாதிரி கோணிக்கிட்டு இருக்கும். பிரிண்டர் ஏற்கனவே சும்மா இருக்குன்னா பண்ணுங்க, ஒரு ஹெல்மெட்டுக்காக பிரிண்டர் வாங்குறது மோருக்கு ஆசைப்பட்டு மாடு வாங்குற கதை.

இரும்பு கவசம் செய்யலாமான்னு கேட்டா, வேண்டாம், வாங்குங்க. 1.2ல இருந்து 1.5 மில்லிமீட்டர் ஸ்டீல் ஷீட்டை சுத்தியலால தட்டி குழி எடுக்குறது ஒரு தனித் தொழில், பட்டறையும் அக்கம்பக்கத்தோட பொறுமையும் வேணும். சங்கிலிச் சட்டை மட்டும் வித்தியாசமான கேஸ், ரெண்டு இடுக்கி இருந்தா போதும், கம்பியும் பெருசா விலை இல்ல, அதனால நிறைய பேர் குதிச்சிடுறாங்க. ஒரு சட்டைக்கு 20,000 வளையம்னு வைங்க, நிமிஷத்துக்கு 4 வளையம் கோத்தாலும் 5,000 நிமிஷம், அதாவது 83 மணி நேரத்துக்கு மேல. அந்த நாலு வளையமும் நாள் முழுக்க அதே வேகத்துல வராது, மணிக்கட்டு வலி வரும். மேடைக்கு மட்டும்தான்னா பழைய நாடகக்காரங்க வழி ஒண்ணு இருக்கு, தடிமனான நூல்ல பின்னி வெள்ளி பெயிண்ட் அடிச்சிடுவாங்க, விளக்கு வெளிச்சத்துல தள்ளி நின்னு பாத்தா அச்சு அசல் சங்கிலிச் சட்டைதான், எடையும் கிடையாது, விலையும் கிடையாது. ரெடிமேடா வாங்குறதா இருந்தா அலுமினியமா பாருங்க, எடை ஸ்டீல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, துருப்பிடிக்காது, ஆனா ரிவிட் அடிக்காம சும்மா வளைச்சு விட்ட வளையம்னா நடக்க நடக்க ஒண்ணொண்ணா உதிர்ந்துக்கிட்டே வரும்.

கமிஷன் வேலை செஞ்சு கொடுக்குறவங்க கேக்குற விலையைப் பாத்து கொள்ளை அடிக்கிறாங்கன்னு நானும் திட்டிருக்கேன், சொந்தமா 95 மணி நேரம் உக்காந்ததுக்கு அப்புறம் அந்த வாய் அடங்கிடுச்சு. அவங்க நம்மள விட வேகமாத்தான் செய்வாங்க, அப்படியே 50 மணி நேரம்னாலும் அதுக்கு கூலி வேணும்ல, பொருள் விலையை மட்டும் ரெண்டு மடங்கு ஆக்கி ஒருத்தர் விலை சொன்னா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். 16ஆம் நூற்றாண்டுலயும் இதே கதைதான், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி ஜெர்மன் கவசக்காரங்களை வரவழைச்சு லண்டன் பக்கத்துல கிரீனிச்சுல பட்டறையே வச்சு தன் உடம்புக்கு அளவெடுத்து செஞ்சுக்கிட்டார், சாதாரண காலாட்படை வீரனுக்கு மொத்தமா செஞ்சு குவிச்ச மலிவு ரகம், கிடைச்சதை மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான். கமிஷன் ஆர்டர் கொடுக்குறீங்கன்னா அளவு கொடுத்த நாளுக்கும் கையில வர்ற நாளுக்கும் நடுவுல பல மாசம் ஓடலாம், அதுக்குள்ள இடுப்பு மாறாம பாத்துக்கிறது உங்க பொறுப்பு.

நடுவழியும் இருக்கு. கிட்னு விப்பாங்க, வடிவம் எடுத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகளை அப்படியே அனுப்புவாங்க, ஓரம் வெட்டி ஒட்டி ஸ்ட்ராப் போட்டு உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி நீங்களே பொருத்திக்கணும். கஷ்டமான வடிவ வேலை அவங்களுது, பொருத்துற வேலை நம்மளது, என்னைக் கேட்டா வாங்குறதுல இதுதான் புத்திசாலித்தனமான வழி. பழசு வாங்குறதும் நல்லதுதான், ஆனா கையால செஞ்ச பழசு அடுத்தவங்க உடம்புக்கு வெட்டினது, விக்கிறவங்களோட உயரமும் மார்பளவும் கேட்டுட்டு வாங்குங்க. ஒரே ஒரு நாள் மேடை ஏறணும், அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரப்போறதில்லைன்னா வாடகைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க, மேல எழுதின எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவு அடி வாங்கினதுக்கு அப்புறம் நான் பிடிச்சுக்கிட்டது இதுதான், தலையை வாங்கு, உடம்பை செய். ஹெல்மெட் ரெண்டு பக்கமும் சமச்சீரா வளையணும், கொஞ்சம் பிசகினாலும் ஃபோட்டோவுல முதல்ல கண்ணுல படுறது அதுதான், ஆனா பொருந்துற விஷயத்துல தலை ரொம்ப படுத்தாது, உள்ள ஸ்பாஞ்ச் வச்சா பெரும்பாலான தலைக்கு உக்காந்துடும். உடம்பு அப்படியே தலைகீழ். மார்புக்கவசமும் தொடைக்கவசமும் வடிவத்துல எளிசு, பொருந்துறதுதான் உயிர், அதை எந்த ரெடிமேடும் கொடுக்காது. எங்க இருந்து பாக்கப் போறாங்கங்கிறதும் முக்கியம், மேடைன்னா 6 மீட்டர் தள்ளி ஒட்டின இடுக்கு தெரியாது, மலிவு ரகமே தாராளம், பக்கத்துல வந்து ஃபோன்ல படம் எடுக்குற இடம்னா தெரியும். கைவினைப் போட்டியில கலந்துக்கிறதா இருந்தா பெரும்பாலும் நீங்களே செஞ்சிருக்கணும்னு விதி இருக்கும், படிச்சுட்டு வாங்குங்க. நிகழ்ச்சிக்கு ஆறு வாரத்துக்கும் கம்மியா இருக்கு, இதுதான் முதல் கவசம்னா செய்யாதீங்க, கடைசி ராத்திரி காயாத பெயிண்ட்டோட நிப்பீங்க.

ரிப்பேரும் ஒரு செலவுதான், அதுல மட்டும் சொந்தமா செஞ்சது கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்கும். அந்த பிளாஸ்டிக் செட்டுல விலாப்பக்கம் ஒரு விரிசல் விட்டுச்சு, உள்ள பட்டை ஒட்டி நிறுத்தினேன், வெளிய அதே வெள்ளி நிறம் எவ்வளவு கலந்து பாத்தும் வரல, இன்னைக்கும் தழும்பு மாதிரி தெரியுது. ஃபோம்ல ஒரு இடம் பிரிஞ்சா பையில இருந்து பசையை எடுத்து தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு அமுக்கினா முடிஞ்சுது, மிச்ச பெயிண்ட் சின்ன டப்பாவுல இருக்கு. ஆனா ஃபோம் மேல கனமா எதையும் அடுக்கி வைக்காதீங்க, மடிஞ்ச இடம் மடிஞ்சபடியே நின்னுடும், பெருசா ஒரு பெட்டியோ அலமாரியில ஒரு தட்டோ அதுக்குன்னு ஒதுக்கணும், வீட்டுல அதுக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடத்த வேண்டி வரும்.

இப்ப மூணாவது செட் ஓடிக்கிட்டு இருக்கு. ஹெல்மெட் கிட்டா ஆர்டர் போட்டாச்சு, பெட்டி அளவைக் கேட்டு, 5000ஆல வகுத்துப் பாத்துட்டுதான் போட்டேன். அது வர்றதுக்குள்ள தொடைக்கவசத்தோட பேட்டர்னை முடிக்கணும், வலது கால் முடிஞ்சுது, இடது காலுக்கு நின்னுக்கிட்டே நானே டேப் சுத்திக்க முடியல, பின்பக்கம் கை எட்டல, வீட்டுல யாராவது ஃப்ரீ ஆகட்டும்னு கால்ல பாதி கிளிங் ஃபிலிமோட உக்காந்துதான் இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன்.